இறங்கிக்கொண்டே போன கோடு

வியாழக்கிழமை காலைக் கூட்டத்தில் மேலாளர் திரையில் ஒரு கோட்டைக் காட்டினார். திங்களன்று உயரத்தில் தொடங்கிய அந்தக் கோடு செவ்வாயில் சரிந்து, புதனில் இன்னும் சரிந்து, வியாழன் காலையில் தரையோடு தரையாகப் படுத்திருந்தது.

"முன்னாடி ஒரு நாளைக்கு நானூறு எச்சரிக்கை. நேத்து தொண்ணூறு. இன்னிக்கு மணி பத்தாகப்போகுது, வெறும் ஆறு," என்றார் மேலாளர். "செவிலியர் அறையிலிருந்து நன்றி சொல்லி எழுதியிருக்காங்க. அவங்ககிட்ட திட்டு வாங்காம ஒரு வாரம் போறதே அதிசயம். இதுல நன்றி வேற."

அறையிலிருந்த ஆறு பேரும் கைதட்டினார்கள். மூன்றாவது நாற்காலியில் இருந்த பெண்ணும் தட்டினாள். அலுவலகத்தில் அவளுக்குச் 'சிவப்பு மை' என்று பெயர். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவர் மட்டும் எழுந்து நின்று, மணமேடையில் நிற்பவரைப்போல் இரு பக்கமும் தலை வணங்கினார். நாற்பத்து நான்கு வயதுக்குள் முன்னந்தலை முழுவதையும் பறிகொடுத்துவிட்ட அவரை எல்லோரும் 'சித்தப்பா' என்பார்கள். எவருக்கும் அவர் சித்தப்பா இல்லை.

அந்த அலுவலகம் எழுதிக்கொண்டிருந்த மென்பொருள் விளையாட்டுக் காரியம் அன்று. நுரையீரல் பழுதுபட்டு, வீட்டிலேயே ஆக்சிஜன் மெஷின் வைத்துச் சுவாசிக்கும் ஆயிரத்து நூறு பேரை அது கண்காணித்தது. ஒவ்வொருவர் விரலிலும் ஒரு கிளிப் இருக்கும். ஆக்சிஜன் அளவு எண்பத்தைந்துக்குக் கீழே இறங்கி ஐந்து நிமிடம் அங்கேயே நின்றுவிட்டால், நகரின் மறுகோடியில் உள்ள செவிலியர் அறையில் மணி ஒலிக்கும். அங்கே இருக்கும் பதினொரு செவிலியரில் ஒருவர் உடனே அந்த வீட்டைத் தொலைபேசியில் அழைத்துப் பேசுவார்.

தொல்லை என்னவென்றால், மணி ஓயாமல் ஒலித்தது. அளவு எண்பத்து நான்குக்கும் எண்பத்தாறுக்கும் இடையே ஊசலாடினால், ஒரே வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத்தில் பத்து எச்சரிக்கைகள் வரும். "கத்திக் கத்தி எங்க காதே மரத்துப்போச்சு. எது நிஜம், எது சும்மான்னு தெரியல," என்று தலைமைச் செவிலியர் போன மாதம் குறைபட்டிருந்தார். அதைச் சரிசெய்யும் மாற்றம்தான் திங்களன்று வெளியானது. அந்தக் கோடு அதன் வெற்றிக் கொடி.

கூட்டம் கலைந்ததும் சிவப்பு மை தன் கைப்பேசியைப் பார்த்தாள். அக்காவிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்திருந்தது. அக்காவின் கணவரும் அந்த ஆயிரத்து நூறு பேரில் ஒருவர். வேறு இரண்டு நிறுவனங்கள் இருந்தும், "நீ இருக்குற இடம்தானே, கண்ணை மூடிட்டு நம்பலாம்," என்று சொல்லி அக்கா இந்தச் சேவையைத் தேர்ந்தெடுத்திருந்தாள். சிவப்பு மை நடைவழியில் நின்று, கைப்பேசியைக் காதில் வைத்துக் கேட்டாள்.

"ஏன்டி, உங்க ஆளுங்க நல்லாவே சரிபண்ணிட்டாங்க போலிருக்கு. நேத்து உங்க மாமா ட்யூபைக் கழட்டி வச்சுட்டு பேப்பர் படிச்சுக்கிட்டே தூங்கிட்டாரு. நான் துணி காயப்போட்டுட்டு வந்து பார்க்குறேன், கிளிப்ல எழுபத்தொன்பது காட்டுது. எவ்வளவு நேரமா அப்படிக் கிடந்தாரோ. முன்னாடியா இருந்தா அந்த நர்ஸ் பொண்ணு இதுக்குள்ள மூணு தடவை கூப்பிட்டு உயிரை வாங்கியிருக்கும். நேத்து ஒரு போன்கூட வரல. இவரும் நிம்மதியாத் தூங்கி எழுந்தாரு. சரி, ஞாயித்துக்கிழமை வருவீங்கல்ல?"

அவள் அதை இரண்டாம் முறை கேட்டாள். அக்கா சொன்னது புகார் அன்று, பாராட்டு. எழுபத்தொன்பது என்பது ஊசலாட்டம் இல்லை. மணி ஒலித்தே தீரவேண்டிய அளவு அது.

அவள் இருக்கைக்குத் திரும்பி அந்தக் கோட்டை மறுபடி திறந்து பார்த்தாள். சற்றுமுன் கைதட்டியபோது கண்ணில் பட்டும் மனத்தில் படாத ஒன்று இப்போது பட்டது. வெட்டிச் சத்தத்தை நீக்கினால் எண்ணிக்கை ஒரே நாளில் படிக்கட்டைப்போல் ஒருமுறை இறங்கி அங்கேயே நிற்க வேண்டும். நானூறு இருநூறாகலாம்; பிறகும் இருநூறாகவே இருக்கும். மனிதர்களின் மூச்சு நாளுக்கு நாள் நலமாகிக்கொண்டே போவதில்லையே. இந்தக் கோடோ சறுக்குமரத்தைப்போல் இறங்கிக்கொண்டே போயிற்று. எங்கேயும் நிற்கவில்லை.

அவள் எழுந்து சித்தப்பாவின் மேசைக்குப் போனாள். அவர் வாழ்த்துச் செய்திகளுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா, திங்கக்கிழமை போட்டோமே, அந்த நிரலை நீங்க முழுசாப் படிச்சீங்களா?"

"என்னம்மா திடீர்னு? மாப்பிள்ளை எழுதினது. சோதனை அறுபத்து நாலும் பச்சை. நீங்கதானே சரி போட்டீங்க."

"படிச்சீங்களான்னு கேட்டேன்."

சித்தப்பா நாற்காலியை மெல்லத் திருப்பினார். "மேலோட்டமாப் பார்த்தேன். தொள்ளாயிரத்துச் சொச்சம் வரிம்மா. எப்படியும் சிவப்பு மை பார்ப்பாங்க, ஒரு எறும்பைக்கூட விடமாட்டாங்கன்னு அனுப்பிட்டேன்." சற்று நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தார். "நீங்க படிச்சீங்கல்ல?"



மாப்பிள்ளை என்று அவர்கள் குறிப்பிட்டது ஓர் ஆளை அன்று. கேட்டதும் நிரல் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிக்கு அலுவலகம் வைத்த பெயர் அது. வந்த நாள் முதல் அதற்கு ஏக உபசாரம். எப்போதும் பணிவாகப் பேசும், எதற்கும் முடியாது என்று சொல்லாது, பிழையைச் சுட்டினால் "மிகச் சரியாகச் சொன்னீர்கள்" என்று புகழ்ந்துவிட்டு இன்னொரு பிழையைச் செய்யும். புது மாப்பிள்ளைக்கு வேறென்ன இலக்கணம் வேண்டும் என்று பெயர் வைத்தவரே சித்தப்பாதான்.

அந்த அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. ஒருவர் அனுப்பும் நிரலை இன்னொருவர் படித்துச் 'சரி' என்று பொத்தானை அழுத்தினால்தான் அது வெளியே போகும். முன்பெல்லாம் அவள் ஒரு பக்கத்துக்கு இருபது திருத்தம் எழுதுவாள். பெயரே அதனால் வந்ததுதான். மாப்பிள்ளை வந்த பிறகு, வாரத்துக்கு மூன்றாக வந்த நிரல்கள் நாளுக்குப் பன்னிரண்டாக வந்தன. அவள் மேசையில் அவை மலையாகக் குவிந்தன. "எல்லாரும் பறக்குறாங்க, உங்ககிட்ட வந்துதான் எல்லாம் நிக்குது," என்று மேலாளர் ஒருமுறை சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சிரித்துச் சொன்ன சொல் தங்கிவிட்டது. அவள் முதலில் பாதி படித்தாள். பிறகு தலைப்பையும் சோதனைகளையும் மட்டும் பார்த்தாள். பிறகு பச்சை தெரிந்தால் போதும் என்றாகிவிட்டது. எழுதச் சொன்னவர் படித்துத்தானே அனுப்பியிருப்பார்.

இப்படி, இரண்டு பூட்டுப் போட்ட கதவில் இருவரும் மற்றவர் பூட்டை நம்பித் தம் பூட்டைத் திறந்தே வைத்திருந்தார்கள்.

"நகருங்க சித்தப்பா," என்றாள். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, திங்களன்று படித்திருக்க வேண்டியதை வியாழனன்று படிக்கத் தொடங்கினாள்.

நிரல் அழகாகத்தான் இருந்தது. வரிகள் சீராக, பெயர்கள் தெளிவாக, ஒவ்வொரு பகுதிக்கும் விளக்கத்தோடு இருந்தன. அழகே கண்ணை மறைத்தது. நானூற்றுப் பத்தாவது வரிக்கு வந்தபோது அவள் விரல் நின்றது.

"மாப்பிள்ளைகிட்ட நீங்க என்ன சொன்னீங்க? அப்படியே காட்டுங்க."

அவர் காட்டினார். ஒரே வாக்கியம்தான். 'ஒரு வீட்டிலிருந்து அதே எச்சரிக்கை திரும்பத் திரும்பப் போகக் கூடாது.'

காட்டில் ஒரு மான்கூட்டத்துக்கு மைனா ஒன்று காவல் இருந்ததாக வைத்துக்கொள்வோம். புலி வந்தால் கத்துவது அதன் வேலை. புலி புதருக்குள் நுழைந்து நுழைந்து வெளியே வர, மைனாவும் ஓயாமல் கத்தியது. மான்கள் சலித்துப்போய், "சொன்னதையே சொல்லாதே," என்று கேட்டுக்கொண்டன. மைனாவும் மிகுந்த பணிவோடு தலையாட்டியது. மறுநாள் அதே புலி வந்தது. இதை நேற்றே சொல்லிவிட்டோமே என்று மைனா வாய் திறக்கவில்லை.

மாப்பிள்ளை செய்ததும் அதுவேதான். ஒரு வீட்டில் அளவு இறங்கினால் மணியை ஒலித்து, அந்த வீட்டைக் குறித்து வைத்துக்கொண்டது. செவிலியர் பேசி, எல்லாம் சரியாகி, எச்சரிக்கையை முடித்த பிறகும் அந்தக் குறிப்பை அது அழிக்கவில்லை. அழிக்கும்படி அதனிடம் எவரும் சொல்லவுமில்லை. ஆகவே திங்கள் முதல் ஒருமுறை மணி ஒலித்த வீட்டுக்கு மறுமுறை மணி கிடையாது. அறுபத்து நான்கு சோதனைகளையும் எழுதியது மாப்பிள்ளையே. 'இரண்டாம் முறை மணி ஒலிக்கவில்லை' என்பதை அவற்றில் ஒன்று சோதித்து, பச்சை விளக்கு எரிந்து, தேறியிருந்தது.

"அப்ப கோடு இறங்கினது…" என்று தொடங்கிய சித்தப்பா முடிக்கவில்லை.

"ஒவ்வொரு வீடா ஊமையாயிட்டு வருது."

"எத்தனை வீடு?"

அவள் எண்ணச் சொல்லிக் கணினியைக் கேட்டாள். அறுநூற்றுப் பன்னிரண்டு.

அடுத்த கேள்வியைத் தட்டும்போது அவளுக்கு எழுத்துகள் தவறித் தவறி விழுந்தன. இந்த நிமிடம் எண்பத்தைந்துக்குக் கீழே இருந்தும் மணி ஒலிக்காத வீடுகள் எவை? திரை இரண்டு விநாடி யோசித்து மூன்று எண்களைக் காட்டியது. அவள் கண் முதலில் தேடியது மாமாவின் எண்ணை. அது இல்லை. மார்பில் இருந்த பாரம் இறங்கிய அதே கணத்தில், மூன்று எண்களும் மூன்று மனிதர்கள் என்று உறைத்தது.

மூன்றாவது எண்ணுக்கு எதிரே 'எழுபத்தொன்று, நாற்பத்தாறு நிமிடம்' என்றிருந்தது.

அவள் செவிலியர் அறையை அழைத்தாள். எடுத்தது தலைமைச் செவிலியரேதான்.

"சொல்லுங்கம்மா. வேலைக்குச் சேர்ந்து பதினெட்டு வருஷத்துல இன்னிக்குத்தான் டீயைச் சூடாக் குடிச்சேன். உங்க புண்ணியம்."

"சிஸ்டர், டீயைக் கீழ வைங்க. மூணு நம்பர் சொல்றேன், உடனே கூப்பிடுங்க. மூணு பேருக்கும் அளவு இறங்கியிருக்கு."

"எங்களுக்கு மணியே அடிக்கலையே."

"அடிக்காது. எங்க தப்பு. அப்புறம் சொல்றேன், முதல்ல கூப்பிடுங்க."

மறுமுனையில் ஒரு கோப்பை மேசையில் வைக்கப்படும் ஓசை கேட்டது. பிறகு தலைமைச் செவிலியர் இன்னொரு தொலைபேசியை எடுத்து எண்களை அழுத்தினார். முதல் வீட்டில் ட்யூப் கட்டில் காலில் சிக்கியிருந்தது, எடுத்துவிட்டார்கள். இரண்டாம் வீட்டில் ஒரு பாட்டி முணுமுணுத்துக்கொண்டே மெஷினை இயக்கினார். மூன்றாம் வீட்டில் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது.

"இது நம்ம தையல்காரர்," என்றார் தலைமைச் செவிலியர். அவர் குரலிலிருந்த விளையாட்டு போய்விட்டிருந்தது. "பொண்ணு வேலைக்குப் போயிடும், பகல்ல தனியா இருப்பாரு. எடுக்க மாட்டேங்குறாரே. பொண்ணு நம்பரும் அணைச்சு வச்சிருக்கு. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டு நானே வண்டியில போறேன். இருபது நிமிஷம் ஆகும். நீங்க மிச்சத்தைப் பார்த்துக்கோங்க."

மிச்சம் என்பது அறுநூற்றுப் பன்னிரண்டு வீடுகள். அவற்றில் எங்கே எப்போது யாருக்கு மூச்சு இறங்கும் என்று சொல்ல முடியாது. அவள் பட்டியலை நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தபடியே, திங்கட்கிழமை மாற்றத்தை நீக்கிப் பழைய நிலைக்குத் திருப்பும் நிரலை எழுதினாள். நாற்பது வரிகூட இல்லை. அதற்குள் மேலாளரும் வந்து பின்னால் நின்றுவிட்டார். அவருடைய முகத்தில் காலைக் கூட்டத்தின் ஒளி ஒரு துளியும் மிச்சமில்லை.

"பழசுக்கே மாத்திடுங்க. உடனே. எதையும் யோசிக்காதீங்க," என்றார் மேலாளர்.

அவள் அனுப்பினாள். விதிப்படி இப்போது சரி சொல்ல வேண்டியவர் சித்தப்பா.

சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து படிக்கலானார்.

"சித்தப்பா, என்ன பண்றீங்க?"

"படிக்கிறேன்."

"நாற்பது வரி. நான் எழுதினது. அழுத்துங்க."

"திங்கக்கிழமை தொள்ளாயிரம் வரியைப் படிக்காம அனுப்பினதாலதான் இன்னிக்கு இப்படி உக்காந்திருக்கோம். கொஞ்சம் கையை எடுங்கம்மா, திரை மறைக்குது."

"யோவ், ஆள் மூச்சு நிக்குதுய்யா," என்றார் மேலாளர். அவர் இதுவரை எவரையும் யோவ் என்று அழைத்ததில்லை.

"தெரியுது சார். அதனாலதான் படிக்கிறேன்." அவர் விரல் வரிக்கு வரி இறங்கிக்கொண்டிருந்தது.

பட்டியலில் நான்காவதாக ஓர் எண் சேர்ந்தது. அவள் அதைச் செவிலியர் அறைக்குச் சொன்னாள். அங்கே ஒரு பெண் அழைத்துப் பேசி, தூங்கும்போது கிளிப் நழுவியிருக்கிறது என்றாள். சிவப்பு மை அந்த இடைவெளியில் அக்காவை அழைத்தாள்.

"அக்கா, மாமா எப்படி இருக்காரு?"

"நல்லாத்தான் இருக்காரு, தொலைக்காட்சிகூட சண்டை போட்டுக்கிட்டு இருக்காரு. ஏன்டி மூச்சு வாங்குது உனக்கு?"

"நேத்து போன் வராதது நல்லதுக்கு இல்லக்கா. எங்க மணி வேலை செய்யல. இப்ப சரிபண்ணிட்டு இருக்கோம்."

மறுமுனையில் தொலைக்காட்சியின் இரைச்சல் சட்டென்று நின்றது.

"அப்ப நான் அவர் பக்கத்துலயே உட்கார்ந்துக்கட்டுமா?" என்று கேட்டாள். கோபமே இல்லாத குரல். விளக்குப் போய்விட்டால் மெழுகுவத்தி எங்கே என்று கேட்பதைப்போல் கேட்டாள்.

வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லத்தான் சிவப்பு மை வாயைத் திறந்தாள். "உட்கார்ந்துக்கோக்கா," என்றுதான் வந்தது.

அவள் திரும்பியபோது சித்தப்பா இருபத்தெட்டாவது வரியில் விரலை ஊன்றியிருந்தார்.

"இதைப் பாருங்க. மாப்பிள்ளை அடக்கி வச்ச எச்சரிக்கையை எல்லாம் தூக்கி எறியல. வரிசையில அடுக்கி வச்சிருக்கு. நீங்க கதவைத் திறந்து விடுறீங்க. நாலு நாளா அடைஞ்சு கிடந்ததெல்லாம் ஒரே நேரத்துல வெளிய வரும்."

"எத்தனை இருக்கு அந்த வரிசையில?" என்றார் மேலாளர்.

அவள் பார்த்தாள். ஆயிரத்து முந்நூறுக்கும் மேல். அத்தனையும் பதினொரு செவிலியரின் மேசைகளில் ஒரே நிமிடத்தில் ஒலித்தால், எது நேற்றையது, எது இந்தக் கணத்தினது என்று எவரால் பிரித்தறிய முடியும்? உண்மையாக மூச்சுத் திணறுபவரின் மணி அந்தக் கூச்சலில் மூழ்கிப் போயிருக்கும். அவசரத்தில் எழுதிய அவளுடைய நாற்பது வரியும், பணிவாக எழுதப்பட்ட அந்தத் தொள்ளாயிரம் வரியும் அந்த ஒரு விஷயத்தில் ஒன்றுதான். இரண்டுமே கேட்டதைச் செய்தன. அதற்கப்பால் நடப்பதைப் பார்க்கவில்லை.

"பழைய வரிசையைத் தனியா ஒதுக்கி வைங்க. இப்ப யாருக்கு இறங்கியிருக்கோ அவங்களுக்கு மட்டும் மணி அடிக்கட்டும்," என்றார் சித்தப்பா.

அவள் ஏழு வரி சேர்த்தாள். அவர் அந்த ஏழையும் உதடு அசையப் படித்தார். பிறகுதான் அழுத்தினார். இதற்கு மொத்தம் ஒன்பது நிமிடம் ஆயிற்று. அவளுடைய வாழ்வில் அவ்வளவு நீளமான ஒன்பது நிமிடம் இருந்ததில்லை.

மாற்றம் வெளியான சிறிது நேரத்தில் செவிலியர் அறையில் ஒரு மணி ஒலித்தது. பிறகு இன்னொன்று. தையல்காரரின் எண்ணுக்கு எதிரே 'அறுபத்தொன்பது, அறுபத்தாறு நிமிடம்' என்று மாறியிருந்தது. மூவரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலாளர் ஒரு காகிதத்தை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அறுபத்தொன்பது அறுபத்தெட்டாயிற்று. பிறகு எண்ணே மறைந்து, அந்த இடத்தில் ஒரு கோடு விழுந்தது. கிளிப் விரலிலிருந்து கழன்றிருக்கிறது. கழற்றியது யாருடைய கை என்று திரை சொல்லவில்லை.

நான்கு நிமிடம் கழித்துத் தொலைபேசி ஒலித்தது.

"பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட மாத்துச் சாவி இருந்துச்சு," என்றார் தலைமைச் செவிலியர். அவருக்கே மூச்சிரைத்தது. "இஸ்திரிப் பெட்டி போடுறதுக்கு மெஷின் ப்ளகைப் பிடுங்கியிருக்காரு மனுஷன். திருப்பிச் சொருகுறதுக்குள்ள மயக்கம் வந்துடுச்சு போல. உதடெல்லாம் நீலம். உயிர் இருக்கு. ஆம்புலன்ஸ்ல ஏத்தியாச்சு. பேசல, கண்ணு திறக்கல. நான் கூடவே போறேன்."

சித்தப்பா இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். அவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டும் என்று சிவப்பு மைக்குத் தோன்றியது. சொல்லும் தகுதி தனக்கு உண்டா என்றும் தோன்றியது. தண்ணீர்ப் புட்டியை எடுத்து அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

மாலையில் மேலாளர் அறையில் அறிக்கை எழுத உட்கார்ந்தார்கள். என்ன நடந்தது, எப்படி நடந்தது என்று மேலிடத்துக்கு எழுதியாக வேண்டும்.

"கருவி எழுதின நிரலில் பிழைன்னு போட்டுடலாம். இப்ப எல்லா இடத்துலயும் நடக்குறதுதான். யாரும் கேள்வி கேக்கமாட்டாங்க," என்றார் மேலாளர்.

"அது பிழையே பண்ணல சார். சொன்னதைச் செஞ்சிருக்கு," என்றாள் சிவப்பு மை.

"பின்ன என்னன்னு எழுதுவீங்க?"

"எழுதச் சொன்னவர் படிக்கவில்லை. சரி சொன்னவர் படிக்கவில்லை. இப்படித்தான்."

மேலாளர் பேனாவை வைத்தார். "இதுல உங்க ரெண்டு பேர் பேரும் இருக்கும். நான் நல்லவன்மா, ஆனா எனக்கு மேல இருக்கறவங்க என்ன பண்ணுவாங்கன்னு எனக்கே தெரியாது. அந்த ஆளுக்கு ஏதாவது ஆயிட்டா?"

அந்த நினைப்பு காலையிலிருந்து அவளை விட்டு அகலவில்லை. வேலை போவதைப் பற்றிய பயமும் அதோடு ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. இரண்டில் எது பெரிது என்று அளந்து பார்க்க அவள் விரும்பவில்லை.

"என் பேரை முதல்ல போடுங்க," என்றார் சித்தப்பா. "மாப்பிள்ளையைக் கூட்டிட்டு வந்தது நான்."

"சார், உங்க பேரும் வரணும்," என்று அவள் மேலாளரிடம் மெதுவாகச் சொன்னாள். "என் மேசையில எல்லாம் நிக்குதுன்னு சொன்னீங்களே. நின்னிருக்கணும்."

மேலாளர் பேனாவை மறுபடி எடுத்தார். அதையும் எழுதிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை சித்தப்பாவும் அவளும் செவிலியர் அறைக்குப் போனார்கள். நான்கு ஆண்டுகளாக அந்த அறைக்காக மென்பொருள் எழுதியவர்கள், இருவரும் அதற்குள் காலெடுத்து வைத்தது அன்றுதான் முதல் முறை. வரிசையாக மேசைகள், ஒவ்வொன்றிலும் ஒரு திரை, ஒரு தொலைபேசி, ஓரத்தில் ஆறிப்போன டீ. மணி ஓயாமல் ஒலித்தது. ஒரு செவிலியர் ஒரே வீட்டை ஆறாவது முறையாக அழைத்து, "ஐயா, கிளிப்பை நடுவிரல்ல போடுங்க, சுண்டுவிரல்ல இல்ல," என்று அலுக்காமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

தலைமைச் செவிலியர் இரவு சரியாகத் தூங்காதவராகத் தெரிந்தார். அவர்களைத் திட்டுவார் என்று எதிர்பார்த்து இருவரும் நின்றார்கள். அவர் இரண்டு நாற்காலிகளைக் காலால் நகர்த்தி விட்டார்.

"மணியைக் குறைக்கணும்னு கேட்டது நானும்தான். எதைக் குறைக்கணும்னு யாரும் என்னைக் கேக்கல, நானும் சொல்லல. இப்ப கேளுங்க."

சித்தப்பா குறிப்பேட்டைத் திறந்தார். மாப்பிள்ளையிடம் சொல்வதற்கு முன் மனிதர்களிடம் கேட்டு அவர் எழுதிய முதல் பக்கம் அது. ஊசலாட்டம் எவ்வளவு நேரம் பொறுக்கலாம், யாருக்குப் பொறுக்கக் கூடாது, தனியாக இருப்பவர்கள் யார் யார் என்று எழுதிக்கொண்டே வந்தார். பிறகு அவள் கேட்டாள்.

"ஒரு எச்சரிக்கை முடிஞ்சிருச்சுன்னு நீங்க எப்ப நினைப்பீங்க? அளவு தொண்ணூறுக்கு மேல ஏறினதும் முடிச்சிடலாமா?"

"அளவு ஏறினா மட்டும் முடியாதும்மா," என்றார் தலைமைச் செவிலியர். "அவங்க குரலைக் கேட்டப்புறம்தான் நான் முடிப்பேன்."

அவர் தன் திரையைத் திருப்பிக் காட்டினார். முந்தைய நாள் பட்டியலில் எல்லா வரிகளும் முடிக்கப்பட்டிருந்தன, ஒன்றைத் தவிர. தையல்காரரின் வரி சிவப்பாகத் திறந்தே இருந்தது. மருத்துவமனையில் அவர் கண் திறந்துவிட்டார் என்றும், தொண்டையில் போட்டிருக்கும் குழாயை எடுக்கும்வரை பேச முடியாது என்றும் காலையில் தகவல் வந்திருந்தது.

அவர்கள் அதற்குப் பிறகும் ஒரு மணி நேரம் எழுதினார்கள். அந்தச் சிவப்பு வரியைப் பார்க்காதவர்களைப்போல் இருவரும் குனிந்தே இருந்தார்கள். பதினொன்றரைக்குத் தலைமைச் செவிலியரின் கைப்பேசி ஒலித்தது. அவர் எண்ணைப் பார்த்துவிட்டு, ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்தார்.

முதலில் ஒரு பெண் குரல், "பேசுங்கப்பா, நர்ஸ் அம்மாதான்," என்றது. பிறகு வெறும் மூச்சு. அது வந்தது, நின்றது, மறுபடி வந்தது. சித்தப்பாவின் பேனா காகிதத்தைத் தொட்டபடி அசையாமல் இருந்தது.

"மூணு நாளா நீ கூப்பிடவே இல்லையேம்மா," என்றது உடைந்த குரல் ஒன்று. "அன்னிக்குச் சத்தம் போட்டு போனை வச்சுட்டேனே, அதுல கோவிச்சுக்கிட்டியோன்னு நினைச்சேன்."

"கோவம்லாம் இல்லைங்க," என்றார் தலைமைச் செவிலியர்.

சிவப்பு மை எழுந்து அந்தக் கைப்பேசியின் பக்கம் குனிந்தாள். என்ன சொல்வது என்று அவள் யோசித்து வைத்திருக்கவில்லை.

"ஐயா, கூப்பிடாம விட்டது அவங்க இல்ல," என்றாள். "நாங்க."

"நீங்க யாரு?" என்று கேட்டது குரல்.

அவள் சொல்லத் தொடங்கினாள்.